கேமராவின் மாதிரிப் படங்கள்: யார் எடுத்ததை நம்புவது?

ஒரு புதிய கேமரா வெளிவந்ததும் அதன் மாதிரிப் படங்கள் மூன்று வழிகளில் நமக்குக் கிடைக்கின்றன. நிறுவனம் தன் தளத்தில் வைப்பவை ஒரு வகை. விமர்சனத் தளங்கள் சோதனைக் கூடத்தில் ஒரே காட்சியை எடுத்துப் போடுபவை இன்னொரு வகை. வாங்கியவர்கள் எடுத்துப் பகிர்பவை மூன்றாவது. சென்சாரின் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லின்) தரத்தை எடைபோடச் சோதனைக் கூடத்து ரா கோப்புதான், அதாவது கேமரா பொதுவாக மெருகேற்றாமல் சென்சார் பதிந்ததைத் தரும் கோப்புதான், சிறந்தது என்பது என் முடிவு. ஆனால் மனித முகத்தின் நிறம் என்று வந்துவிட்டால் அந்தக் கோப்பு அவ்வளவாக உதவாது.

நிறுவனத்தின் படங்களை முதலில் பார்த்து முடித்துவிடலாம். இதமான வெளிச்சம், கைதேர்ந்த புகைப்படக்காரர், அருமையான லென்ஸ், ஐஎஸ்ஓ (வெளிச்சம் குறையும்போது நாம் கூட்டும் உணர்திறன் எண்) 100. இப்படி எடுத்தால் பத்து வருடம் பழைய கேமராவும் அழகான படம்தான் தரும். அதனால் இரண்டு கேமராக்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் இங்கே பிடிபடாது. நான் இங்கே தேடுவது ஒன்றைத்தான்: ஐஎஸ்ஓ 3200க்கு மேல் எடுத்த படம் ஏதாவது முழு அளவில் இருக்கிறதா? இருந்தால் அதை மட்டும் இறக்கிக்கொள்வேன்.

சோதனைக் காட்சிக்கு வருவோம். 1998இல் ஃபில் ஆஸ்கி தொடங்கிய டிபிரிவ்யூ தளத்தின் ஒப்பீட்டுக் கருவி பலருக்குத் தெரிந்திருக்கும். 2023இல் அப்போதைய உரிமையாளரான அமேசான் அந்தத் தளத்தை மூடப்போவதாக அறிவித்தது. பிறகு கியர் பேட்ரோல் நிறுவனம் வாங்கியதால் தளம் பிழைத்தது. அந்தக் கருவியில் அதே பொருட்கள், அதே விளக்குகள், அதே சட்டகம், மாறுவது கேமரா மட்டும். நான்கு கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்த வசதிக்கு ஈடே இல்லை.

அங்கே ஜேபெக்கை (கேமராவே மெருகேற்றித் தரும் படக்கோப்பை) விட்டுவிட்டு ராவைத் தேர்ந்தெடுங்கள். ஜேபெக்கில் சென்சாரோடு சேர்த்து நிறுவனத்தின் ரசனையும் கலந்திருக்கும். நாய்ஸை (படத்தில் தெரியும் தேவையற்ற புள்ளிகளை) எவ்வளவு துடைப்பது, விளிம்புகளை எவ்வளவு கூர்மையாக்குவது என்று கேமராவே முடிவு செய்துவிடுகிறது. ஐஎஸ்ஓ 6400இல் ஒரு ஜேபெக் வழவழவென்று சுத்தமாகத் தெரிந்தால் உடனே மயங்க வேண்டாம். தலைமுடி, இறகு, பொடி எழுத்து, அடர்நிறத் துணியின் இழை ஆகியவற்றைப் பாருங்கள். அங்கெல்லாம் வாட்டர்கலர் பூசியதுபோல் இருந்தால் நாய்ஸோடு நுணுக்கமும் போய்விட்டது என்று பொருள். ராவில் புள்ளிகள் தெரியும், ஆனால் முடி இழை இழையாக இருக்கும். புள்ளிகளைப் பிறகு நாமே குறைத்துக்கொள்ளலாம்; காணாமல் போன முடியைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அப்புறம், பலரும் கவனிக்காமல் விடுவது பார்க்கும் அளவை. 24 மெகாபிக்சல் படம் சுமார் 6000 பிக்சல் அகலம். அங்குலத்துக்கு 96 பிக்சல் காட்டும் திரையில் அதை நூறு சதவீதத்தில் திறந்தால், ஐந்தடிக்கு மேல் அகலமான ஒரு படத்தின் சிறு துண்டைத்தான் பார்க்கிறோம். 45 மெகாபிக்சல் என்றால் அது ஏழடியைத் தாண்டும். ஐந்தடிப் படத்தையும் ஏழடிப் படத்தையும் ஒரே தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "45இல் நாய்ஸ் அதிகம்" என்று தீர்ப்பு சொல்வது அநியாயம். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால், சென்சார் அளவு ஒன்றாக இருக்கும் பட்சத்தில், அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். கேமராக்களைச் சோதித்து மதிப்பிடும் டிஎக்ஸ்ஓ மார்க் தளம் தன் மதிப்பெண்களை 8 மெகாபிக்சலுக்குச் சமப்படுத்திக் கணக்கிடுவது இதற்காகத்தான்.

சென்சார் அளவே வேறு என்றால் கதை வேறு. ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சார் 36×24 மில்லிமீட்டர், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறியது 17.3×13. பரப்பளவில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). முதலாவதின் ஐஎஸ்ஓ 6400ஐ இரண்டாவதின் 1600உடன் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அதைவிட நன்றாக இருந்தால் சின்ன சென்சாரைத் தாராளமாகப் பாராட்டலாம்.

ஐஎஸ்ஓ எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அந்தத் தர நிர்ணயமே நிறுவனங்களுக்கு ஓரளவு சுதந்திரம் கொடுத்திருக்கிறது. ஒரே விளக்கு, ஒரே அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஒரே ஐஎஸ்ஓ எண் என்றிருந்தும் ஒன்று 1/60 நொடியும் மற்றது 1/100 நொடியும் எடுத்திருந்தால், முதலாவதற்கு வெளிச்சம் அதிகம் கிடைத்திருக்கிறது. படக்கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் எக்சிஃப் விவரத்தைத் திறந்து ஷட்டர் வேகத்தைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

சரி, ரா என்றால் கைபடாத கோப்பா? எப்போதும் இல்லை. 2020இல் வந்த கேனான் ஆர்5, குறைந்த ஐஎஸ்ஓவில் ராவிலேயே நாய்ஸைக் குறைக்கிறது. சென்சார்களை அளந்து காட்டும் போட்டான்ஸ் டு போட்டோஸ் தளத்தின் வரைபடங்கள் இப்படிப்பட்ட கேமராக்களைத் தனிக் குறியிட்டுக் காட்டுகின்றன. சில சோனி கேமராக்கள் நீண்ட எக்ஸ்போஷரில் (ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து எடுக்கையில்) சிறு நட்சத்திரங்களையே நாய்ஸ் என்று நினைத்து அழித்துவிட்டன. இரவு வானத்தை எடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

சோதனைக் காட்சியின் பலவீனம் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு கேமராவிலும் வேறு லென்ஸ். அதனால் ஓரங்களை ஒப்பிடாமல் நடுப்பகுதியை மட்டும் பார்ப்பது நல்லது. இரண்டாவது, அங்கே இருக்கும் முகங்கள் அச்சடித்த படங்கள். அச்சு மை மனிதத் தோல் ஆகாது.

அந்தக் குறையை வாங்கியவர்களின் படங்கள்தான் தீர்த்துவைக்கின்றன. அளவுகோலாக எடுத்துக்கொண்டால் இவை மோசம்: கை ஆடியிருக்கும், ஃபோகஸ் தவறியிருக்கும், சமூக வலைத்தளம் சுருக்கியிருக்கும். ஆனால் ட்யூப் லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்து விழும் முகம், வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கும் குழந்தை, வெளிறிப்போகும் வெள்ளைச் சட்டை எல்லாம் இங்கேதான் கிடைக்கும். கேமராவிலிருந்து அப்படியே வந்த ஜேபெக்காகத் தேடுங்கள். எக்சிஃபில் எடிட்டிங் மென்பொருளின் பெயர் இருந்தாலோ எக்சிஃபே இல்லை என்றாலோ தாண்டிப் போய்விடலாம். ஒருவர் படத்தில் மட்டும் தோல் பச்சையடித்தால் அது அவருடைய அமைப்பாக இருக்கலாம். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு இடங்கள், ஆனாலும் அதே பச்சை என்றால் கேமராவின் மேல் சந்தேகப்படுவது நியாயம்.

எடுத்ததை அப்படியே பகிர்பவர் என்றால், இந்த மூன்றாவது வகைக்கே அதிக நேரம் கொடுங்கள். சோதனைக் காட்சியின் ஜேபெக்கை உடன் வைத்துக்கொண்டால் போதும். ராவில் எடுத்து மெருகேற்றுபவர் என்றால், சோதனைக் கூடத்து ரா கோப்புகளை இறக்கி, நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருளிலேயே திறங்கள். ஐஎஸ்ஓ 100 படத்தில் நிழல் பகுதியை மூன்று ஸ்டாப் ஏற்றிப் பாருங்கள். நிறத்திட்டுகளோ கோடுகளோ இருந்தால் அங்கே வெளிப்பட்டுவிடும். மென்பொருள் முக்கியம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரின் நிற வடிகட்டி 6×6 கட்டங்கள் திரும்பத் திரும்ப வரும் அமைப்பில் இருக்கிறது. வழக்கமான பேயர் அமைப்பு 2×2. இந்த வேறுபாட்டை எல்லா மென்பொருளும் ஒரேபோல் கையாள்வதில்லை; அதனால் அதே ரா கோப்பு ஒரு மென்பொருளில் இலைகளைப் புழு நெளிவதுபோல் காட்டும், இன்னொன்றில் தெளிவாக வரும். புதிய கேமராவின் ராவை உங்கள் மென்பொருள் இன்னும் திறக்கவில்லை என்றால், அது திறக்கும் வரை வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.