மரவேலைக்கு பக்கெட் டிரக்கா, ஸ்பைடர் லிஃப்ட்டா?

மரம் கழிக்கும் வேலைக்கு, ஆளைக் கூடையில் வைத்து உயரே தூக்கும் லிஃப்ட் எடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை அடி போகும்?" என்றுதான். லாரியிலேயே பொருத்திய பக்கெட் டிரக், சிலந்தி போலக் காலை விரித்து நிற்கும் ஸ்பைடர் லிஃப்ட், இரண்டிலும் ஏறி வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உயரத்தைப் பிறகு பாருங்கள். வண்டி எங்கே நிற்கும், அங்கிருந்து பக்கவாட்டில் எவ்வளவு எட்டும் என்பதை முதலில் பாருங்கள்.

சாலையோர மரம் என்றால் பக்கெட் டிரக்தான். தானே ஓடி வரும், வண்டி சாயாமல் தாங்கும் கால்களான அவுட்ரிகரை இறக்கினால் வேலை தொடங்கிவிடும். பின்னால் சிப்பர் இழுத்து வந்தால், கழித்த கிளையை அரைத்து அதே வண்டியின் பெட்டியில் கொட்டிக்கொண்டு போகலாம். ஆனால் கெட்டியான தரை வேண்டும். புல்தரையில் ஏற்றினால் சக்கரம் புதையும், வேரும் நசுங்கும்.

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரத்துக்கு அது போய்ச் சேரவே முடியாது. ஸ்பைடர் லிஃப்ட்டின் அருமை அங்கேதான் தெரியும். சிறிய மாடல்கள் ஒரு மீட்டருக்கும் குறைவான வழியில் நுழைந்துவிடும். சக்கரத்துக்குப் பதில் உள்ள ரப்பர் டிராக்கில் எடை பரவுவதால் தரை அதிகம் கெடாது. நாலு காலும் தனித்தனியாக இறங்குவதால் ஓரளவு சரிவிலும் மட்டமாக நிறுத்தலாம். காலுக்கு அடியில் அகலமான பலகை வைக்காமல் மட்டும் ஏறாதீர்கள். செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுவதும் நல்லது.

எட்டும் தூரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. பல மாடல்களில் விளம்பரத்தில் போடும் தூரம், கூடையில் ஒரே ஆள் இருக்கும்போது கிடைப்பது. இரண்டு பேர், செயின்சா, கயிறு என்று எடை கூடினால் பூம், அதாவது கூடையைத் தாங்கும் நீண்ட கை, பாதியிலேயே நின்றுவிடும். அதனால் எடைக்கு எவ்வளவு எட்டும் என்ற வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மின்கம்பி விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. ஸ்பைடர் லிஃப்ட்டில் பெரும்பாலானவை மின்காப்பு இல்லாதவை. உலோகக் கை, நேராகத் தரைக்கு மின்சாரத்தைக் கடத்தும். மின்காப்புள்ள பக்கெட் டிரக்கில் பூமின் ஒரு பகுதி கண்ணாடியிழையால் ஆனது. அதில் அழுக்கும் ஈரமும் படிந்தால் காப்பு குறையும், துடைத்து வைக்க வேண்டும். இன்னொன்று, பூம் வழியாகத் தரைக்குப் போகும் மின்சாரத்தைத்தான் அது தடுக்கும். ஒரு கையில் கம்பியும் மறு கையில் ஈரக் கிளையும் பட்டால் எந்த டிரக்கும் காப்பாற்றாது. கம்பியை ஒட்டிய வேலையை அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பட்டுப்போன மரத்துக்கு இரண்டுமே வரம்தான், ஏறுபவர் அந்த மரத்தை நம்பவே வேண்டியதில்லை. ஆனால் வெட்டிய துண்டைக் கயிறு கட்டி பூமில் தொங்கவிடாதீர்கள், அது கிரேன் இல்லை. பெரிய கிளை விழுந்து பூமில் அடித்தால் கூடை எகிறி ஆளை வெளியே தூக்கி எறியும். அதனால் பெல்ட்டின் கொக்கி பூமிலோ கூடையிலோ அதற்கென்று உள்ள வளையத்தில்தான் மாட்டியிருக்க வேண்டும், மரத்தில் அல்ல.

ஒன்றுதான் வாங்க முடியும், வீட்டுத் தோட்ட வேலைதான் அதிகம் என்றால் ஸ்பைடர் லிஃப்ட்டை எடுங்கள். அதை ஏற்றிவர டிரெய்லர் வேண்டும், நிறுத்தி முடிக்கவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பரவாயில்லை. வாடகைக்கு எடுத்தால், இன்ஜின் நின்றுபோனால் கூடையைக் கீழே இறக்கும் அவசர வழியைத் தரையில் இருக்கும்போதே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அந்த வண்டி வேண்டாம்.