பைபைண்ட்11: மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் நூலகம்

சி++ நிரலைப் பைத்தானிலிருந்து அழைக்க வேண்டுமா, பலரும் முதலில் எடுப்பது பைபைண்ட்11-ஐத்தான். எல்லாம் ஹெடர் ஃபைல்கள். தனியாக பில்ட் செய்து லிங்க் பண்ணும் வேலை இல்லை. பத்து வரியில் ஒரு கிளாஸ் பைத்தானுக்குள் வந்துவிடும். இதற்கெல்லாம் முழு மதிப்பெண். குறைப்பது ஓரிடத்தில்தான்: ஒரு ஃபங்ஷன் திருப்பித் தரும் பொருளை யார் அழிப்பது என்று நீங்கள் சொல்லாவிட்டால், அது கேட்காது, தானே முடிவெடுத்துவிடும். பாயின்டர் (பொருளின் முகவரி) வந்தால் உரிமையை, அதாவது அழிக்கும் பொறுப்பை, பைத்தானிடம் கொடுக்கும். ரெஃபரன்ஸ் (அதே பொருளுக்கு இன்னொரு பெயர்) வந்தால் காப்பி எடுக்கும். வேல்யூ (பொருளே) என்றால் மூவ், அதாவது காப்பி எடுக்காமல் உள்ளடக்கத்தை இடம் மாற்றும்.

சீன் என்றொரு கிளாஸ். அதற்குள் கேமரா ஒரு சாதாரண மெம்பர். கெட்_கேமரா அதன் முகவரியைத் தருகிறது. பாலிசி (திரும்பும் பொருளின் உரிமை யாருக்கு என்று சொல்லும் குறிப்பு) எதுவும் போடாமல் டெஃப் (ஃபங்ஷனைப் பைத்தானுக்குக் காட்டும் கட்டளை) மூலம் பைண்ட் செய்துவிட்டு, எஸ் என்பது ஒரு சீன் என்றால், பைத்தானில் எஸ்.கெட்_கேமரா().எஃப்ஓவி (கேமராவின் பார்வைக் கோணம்) என்று ஒரே ஒரு முறை படியுங்கள். அந்த வரி முடிந்ததும் தற்காலிகப் பொருளின் ரெஃபரன்ஸ் கவுன்ட் (அதைப் பிடித்திருப்போர் எண்ணிக்கை) பூஜ்யமாகி, தனியாக ஒதுக்கப்படாமல் சீனின் வயிற்றுக்குள் இருக்கும் முகவரிக்கு டெலீட் போகும். லினக்ஸில் ‘ஃப்ரீ(): இன்வேலிட் பாயின்டர்’ என்று புரோகிராம் விழும். கேமராவே முதல் மெம்பர், விர்ச்சுவல் ஃபங்ஷனும் இல்லை என்றால் இன்னும் மோசம்: சீனுக்கும் கேமராவுக்கும் முகவரி ஒன்றே, ஆகவே ஃப்ரீ (மெமரியை விடுவிப்பது) சத்தமில்லாமல் நடந்து, பிறகு சம்பந்தமே இல்லாத ஒரு வரியில் வெடிக்கும்.

பாயின்டரை ரெஃபரன்ஸாக மாற்றினால் விழாது. ஆனால் எஸ்.கெட்_கேமரா().எஃப்ஓவி = 60 என்று எழுதினால் மாறுவது காப்பி; சீனில் பழைய எண்ணே இருக்கும், எச்சரிக்கையும் வராது. இரண்டுக்கும் மருந்து ரெஃபரன்ஸ்_இன்டர்னல் பாலிசி: உரிமை சீனிடமே இருக்கும், கேமரா கையில் உள்ளவரை சீனும் உயிரோடிருக்கும். வெறும் ரெஃபரன்ஸ் பாலிசி இந்தப் பிடிப்பைத் தராது. வேடிக்கை என்னவென்றால், அதே ஃபங்ஷனை டெஃப்_ப்ராப்பர்ட்டி_ரீட்ஒன்லி (படிக்க மட்டுமான பண்பாகக் காட்டும் கட்டளை) வழியாகக் கொடுத்தால் ரெஃபரன்ஸ்_இன்டர்னல்தான் இயல்பு. ஒரே ஃபங்ஷன், பைண்ட் செய்யும் விதத்தைப் பொறுத்து இரு குணம்.

எதிர்த்திசையில், அதாவது பைத்தான் பொருள் சி++ பக்கம் போகும்போது, சீனின் ஆட்_லைட் ஃபங்ஷன் தனக்கு வந்த பாயின்டரைச் சேமித்துவைத்தால் கீப்_அலைவ்<1, 2> கட்டாயம். முதல் எண்ணுக்குரியது உள்ளவரை இரண்டாவது எண்ணுக்குரியதும் உயிரோடிருக்கும்: 0 என்பது ரிட்டர்ன் வேல்யூ, 1 செல்ஃப் (இங்கே சீன்), 2 முதல் ஆர்க்யுமென்ட். எண்களை மாற்றிப் போட்டாலும் கம்பைல் ஆகும், ஜாக்கிரதை.

எஸ்டிஎல்.எச் என்ற ஹெடரை இன்க்ளூட் செய்தால் சி++ வெக்டர் (நீளம் மாறும் வரிசை) பைத்தான் லிஸ்ட் ஆகிவிடும், முழுக்க காப்பி. அதில் அப்பெண்ட் செய்வது சி++ பக்கம் போய்ச் சேராது; புது லிஸ்ட்டை அப்படியே அசைன் செய்தால் சேரும். பெரிய வெக்டரைக் காப்பி எடுக்காமல் காட்ட மேக்_ஒபேக் மேக்ரோவும் பைண்ட்_வெக்டரும் வேண்டும். மேக்ரோ அந்த வகையைத் தொடும் எல்லா சி++ ஃபைல்களிலும் இருக்க வேண்டும்.

நம்பை (பைத்தானின் எண் கணக்கு நூலகம்) அர்ரேயில் பேஸ் (டேட்டாவின் உரிமையாளர்) என்ற ஆர்க்யுமென்ட் கொடுக்காவிட்டால் டேட்டா காப்பியாகும். பேஸாக செல்ஃபையோ ஒரு கேப்ஸ்யூலையோ (பாயின்டரைப் பொதிந்த பைத்தான் பொருள்) கொடுத்தால் காப்பி இல்லை. ஆனால் அது ஒரு வெக்டரின் டேட்டா என்றால், பிறகு ஒரு புஷ்_பேக்கில் (கடைசியில் ஒன்றைச் சேர்ப்பது) வெக்டர் இடம் மாறினாலும் நம்பை பழைய முகவரியையே படித்துக்கொண்டிருக்கும். இதை எந்தப் பாலிசியும் காப்பாற்றாது.

ஷேர்டு_பிடிஆரை (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கவுன்ட் வைக்கும் பாயின்டர்) ஹோல்டராக, அதாவது பைத்தான் பக்கம் பொருளைத் தாங்கும் உறையாக, வைத்திருப்பவர்கள் அதே பொருளின் வெறும் பாயின்டரைத் திருப்பித் தரக் கூடாது. கிளாஸுக்கு எனேபிள்_ஷேர்டு_ஃப்ரம்_திஸ் (ஏற்கெனவே உள்ள கவுன்ட்டைக் கண்டுபிடிக்க உதவும் பேஸ் கிளாஸ்) இல்லையென்றால் இரண்டாவது கவுன்ட் ஒன்று முளைத்து இருமுறை டெலீட் ஆகும்.

இந்த ஒரு விஷயத்தில், இதே வேலைக்கான பழைய நூலகம் பூஸ்ட்.பைத்தான் கறார். கிளாஸ் பாயின்டரையோ ரெஃபரன்ஸையோ பாலிசி இல்லாமல் திருப்பினால் அங்கே கம்பைலே ஆகாது. இதே வகைக் கருவியான ஸ்விக் வேறு வழி: வரும் பாயின்டருக்கு உரிமை கோராது, நியூஆப்ஜெக்ட் என்று குறிக்காவிட்டால் மெமரி கசியும். கசிவது பரவாயில்லை, விழுவதைவிட. இதே வகைப் புது நூலகமான நானோபைண்டுக்கு மாறினாலும் பாயின்டருக்கு இதே இயல்பு விதிதான்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். பாயின்டரோ ரெஃபரன்ஸோ தரும் ஒவ்வொரு டெஃப்-இலும் பாலிசியைக் கையால் எழுதும் பழக்கம் இருந்தால். பைதான்மல்லாக்=மல்லாக் என்று சூழல் மாறியை வைத்து, அட்ரஸ் சானிடைசருடன் (மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கருவி) பில்ட் செய்து, அதன் லைப்ரரியை எல்டி_ப்ரீலோடில் (லைப்ரரியை முன்கூட்டியே ஏற்றும் லினக்ஸ் வசதி) ஏற்றி டெஸ்ட்டுகளை ஓட்டுங்கள். லீக் சோதனையை அணைத்துவிடுங்கள். பைத்தான் மூடும்போது விட்டுச்செல்லும் மிச்சங்களே திரையை நிரப்பிவிடும்.