கிராபிக்ஸா, ஆட்டமா?

வீடியோ கேமில் எது முக்கியம்: திரையில் தெரியும் படத்தின் அழகா (அதுதான் கிராபிக்ஸ்), ஆடுகிற சுவையா? கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் தம்பி மகன் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ என்ற கேமைப் போட்டுக் காட்டினான். 2018-இல் வந்தது. குதிரை நடந்தால் சேற்றில் தடம் பதிகிறது! வாய் பிளந்து பார்த்தேன். “நீங்க ஆடுங்க பெரியப்பா” என்றான். எனக்கோ பார்த்ததே போதும் என்றிருந்தது.

விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் கேம், அப்படிப் பார்த்ததோடு விடாது. 1984-இல் அலெக்சி பாஜித்னோவ் அதை எழுதிய கணினியில் எழுத்துதான் தெரியும், படம் வராது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். இன்றும் அந்த நீளக் கட்டை எப்போது விழும் என்று கை பரபரக்கிறது. மைன்கிராஃப்ட் என்ற கேமும் வெறும் சதுரக் கட்டிகள்தான். 2023-க்குள் 30 கோடி பிரதிகள் விற்றுவிட்டது.

சரி, கார் பந்தயத்தில் வளைவு தெளிவாகத் தெரிய வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி என் ஓட்டு ஆட்டத்துக்கே. தம்பி மகன் கேட்பதாயில்லை. கணினியில் படத்தை இன்னும் அழகாகக் காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கு உண்டியலில் காசு சேர்க்கிறான்.