வேலை நின்றால் எந்தப் பணம்?

திருப்பூரில் ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது தையல், செக்கிங் ஆட்கள்தான். சனிக்கிழமை சம்பளத்தை நம்பி ஓடும் வீட்டுக்கு இரண்டு வழி உண்டு.

முதலாவது, வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகை. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600. அதற்கும் பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். வேலை பறிபோனவருக்கான திட்டமே இல்லை இது. சரி, விடுங்கள்.

இரண்டாவது, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் வேலை இழந்தவருக்குப் பணம் தரும் அடல் பீமித் திட்டம். 2018இல் சராசரி தினக்கூலியில் 25 சதவீதமாகத் தொடங்கி, 2020இல் 50 ஆனது. தினம் 500 ரூபாய் வாங்கியவருக்கு நாளொன்றுக்கு 250. அதிகபட்சம் 90 நாளுக்கு 22,500. வாடகைக்கும் மளிகைக்கும் ஓரளவு தாங்கும். ஆனால் வாழ்நாளில் ஒரே முறைதான். வேலை போய் 30 நாள் கழித்தே கேட்க முடியும். அந்த ஒரு மாதம் கைமாற்றுதான் கதி.

தொகையில் இ.எஸ்.ஐ.க்குப் பக்கத்தில்கூட மற்றது நிற்காது. என்ன, சந்தா கட்டியிருக்க வேண்டும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பலர் பெயர் அந்தப் பதிவேட்டிலேயே இருக்காது. சதவீதத்தை இன்னும் ஏற்றுவதைவிட இவர்களைச் சேர்ப்பதும், பணத்தை வாராவாரம் கொடுப்பதும்தான் எனக்கு முதலில் படுகிறது.