புதுதில்லி ரயில் நிலையத்தில் இறங்குவோர் கவனத்துக்கு: உங்கள் விடுதிக்கு நீங்களே பேசுங்கள்

முதல் முறையாகத் தில்லிக்குப் போகிறவர்கள், குறிப்பாக வயதான பெற்றோரை அழைத்துச் செல்கிறவர்கள், புறப்படும் முன் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கடந்த ஜனவரி 21ஆம் தேதி புதன்கிழமை, புதுதில்லி ரயில் நிலையத்தின் வாசலில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் எங்களிடமிருந்து 12,000 ரூபாய் போய்விட்டது. யாரும் எங்களை மிரட்டவில்லை, பையைப் பிடுங்கவில்லை. நாங்களே எண்ணிக் கொடுத்தோம்.

அப்பா, அம்மா, நான் மூவரும் திங்கள் இரவு சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு விரைவு ரயிலில் ஏறினோம். புதன்கிழமை காலை ஆறரை மணியளவில் தில்லி சேர வேண்டிய வண்டி, ஜனவரி மாதத்து மூடுபனியால் நான்கு மணி நேரம் தாமதமாகப் பத்தரைக்குத்தான் போய் நின்றது. கரோல் பாகில் ஒரு நாளைக்கு 1,900 ரூபாய் வாடகையில் ஒரு விடுதி அறையை முன்பதிவு செய்திருந்தோம். அந்தப் பகுதி ரயில் நிலையத்துக்கு மேற்கே இருப்பதால் பஹாட்கஞ்ச் பக்கமாக வெளியே வந்தோம். மெட்ரோ நிலையம் ரயில் நிலையத்தின் மறுபக்கத்தில், அஜ்மேரி கேட் பக்கமாக இருக்கிறது என்பதை நான் முன்கூட்டிப் பார்த்து வைத்திருக்கவில்லை. மஞ்சள் தடத்தில் ஒரே நிறுத்தம் போய், ராஜீவ் சவுக்கில் நீலத் தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் கரோல் பாக். இதைத் தெரிந்துகொண்டிருந்தால் எங்கள் கதை வேறாக இருந்திருக்கும்.

வாசலைத் தாண்டியதுமே ஓர் ஆட்டோக்காரர் அம்மாவின் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு, "வாங்கம்மா, தமிழா?" என்று கேட்டார். இரண்டு இரவு ரயிலில் கழித்த பிறகு அந்த ஒரு சொல் எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரோல் பாகுக்கு 50 ரூபாய் போதும் என்றார். 2023 ஜனவரியில் தில்லி அரசு அறிவித்த கட்டணப்படி, ஆட்டோவுக்கு முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 11 ரூபாய். அப்படிப் பார்த்தால் அந்தத் தூரத்துக்கு 70 ரூபாயை ஒட்டி ஆக வேண்டும். மூன்று பேரையும் அத்தனை மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஒருவர் மீட்டரைவிடக் குறைவாகக் கேட்கிறார் என்றால், அவருக்கு வேறெங்கோ பணம் கிடைக்கிறது என்றுதான் பொருள். அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

வண்டி சற்று ஓடியதும் ஓரமாக நிறுத்தினார். குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகை நடப்பதால் கரோல் பாக் சாலை முழுவதும் அடைத்திருக்கிறது, சுற்றுலா அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள் என்றார். இந்தப் பொய் எடுபட்டதற்குக் காரணம், அதன் பாதி உண்மை என்பதுதான். ஜனவரி மூன்றாம் வாரத்தில் கர்தவ்ய பாதையில் காலை நேரத்தில் ஒத்திகை நடப்பதும், அதைச் சுற்றியுள்ள சாலைகளில் போக்குவரத்து நிறுத்தப்படுவதும் உண்மையே. ஆனால், கர்தவ்ய பாதை நிலையத்துக்குத் தெற்கே இருக்கிறது. எங்கள் வழியோ மேற்கே போகிறது. தன் விடுதிக்குப் போகச் சுற்றுலாப் பயணி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற விதி எந்த நாளிலும் கிடையாது. மற்ற மாதங்களில் வருகிறவர்களிடம் கலவரம் என்றோ, தலைவர் ஒருவர் வருகிறார் என்றோ, உங்கள் விடுதியே மூடிவிட்டது என்றோ சொல்கிறார்கள்.

கன்னாட் பிளேஸுக்கு அருகே, வெளியே 'அரசு அங்கீகாரம் பெற்ற சுற்றுலாத் தகவல் மையம்' என்று ஆங்கிலத்தில் எழுதிய ஓர் அறைக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் தால் ஏரிப் படகு வீடுகளின் படங்கள், சுவரில் இந்திய வரைபடம், மேசை மூலையில் ஒரு சிறிய தேசியக் கொடி. மூன்று கோப்பைத் தேநீர் வந்தது. எதிரே அமர்ந்தவர் மிகுந்த மரியாதையோடு, "உங்கள் விடுதியிடமே கேட்டுவிடுவோம், சார்" என்று சொல்லி, அப்பா கையிலிருந்த முன்பதிவுத் தாளை வாங்கினார். தாளிலிருந்த எண்ணை விரலால் தொட்டு ஒவ்வோர் இலக்கமாக உரக்கப் படித்தபடி தம் கைபேசியில் அழுத்தினார். ஆனால், அதன் திரை அவர் பக்கம்தான் இருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு குரல், விடுதியின் பெயரைச் சொல்லி வணக்கம் கூறியது. தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, உங்கள் அறை ரத்து, பணம் ஒரு வாரத்தில் திரும்பி வரும் என்றது. அப்பாவே அந்தக் குரலோடு பேசினார், வருத்தப்பட்டார், நன்றியும் சொன்னார்.

அவர் எந்த எண்ணை அழுத்தினார் என்பது எங்களுக்குத் தெரியாது. அது எங்கள் விடுதியின் எண் அல்ல என்பது மட்டும் உறுதி. என் கைபேசி என் சட்டைப்பையில்தான் இருந்தது. அதை எடுத்து ஒரு முறை நானே அழைத்திருந்தால் அந்த அறையிலிருந்து அந்தக் கணமே வெளியேறியிருப்போம். இந்தப் பதிவில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்த ஓர் இடத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நாளுக்கு 4,500 வீதம் இரண்டு நாளுக்கு 9,000 ரூபாய்க்கு வேறோர் அறை. வெள்ளிக்கிழமை ஆக்ரா போய்வர 6,500 ரூபாய்க்குக் கார், அதற்கு முன்பணம் 3,000. அட்டை இயந்திரம் பழுது என்று சொல்லி ரொக்கமாகவே வாங்கினார்கள். கையால் எழுதிய ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகால் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை என்பது ஆக்ராவுக்கு வண்டி விடுகிற எவருக்கும் தெரிந்த செய்தி. அதைக்கூட மறைத்துத்தான் எங்களுக்கு அந்தப் பயணத்தை விற்றார்கள்.

அவர்கள் கொடுத்த அறை பஹாட்கஞ்சில், நாங்கள் ஆட்டோ ஏறிய இடத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருந்தது. மாலை மூன்று மணிக்கு என் கைபேசி ஒலித்தது. கரோல் பாக் விடுதியிலிருந்து அழைத்திருந்தார்கள்: "காலையிலிருந்து உங்களுக்காக அறை காத்திருக்கிறது, எப்போது வருகிறீர்கள்?" பேசிவிட்டு நான் நிமிர்ந்தபோது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பிரித்து வைத்திருந்த துணிகளை மறுபடி மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார்.

தில்லியிலேயே ஆர்.கே. புரத்தில் வசிக்கும் அப்பாவின் பழைய அலுவலக நண்பர், நன்றாக இந்தி பேசுகிறவர், அன்று மாலையே எங்களோடு அந்த அலுவலகத்துக்கு வந்தார். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பின் கார் முன்பணம் 3,000 மட்டும் திரும்பக் கிடைத்தது. மீதிக்காக எழுத்துமூலம் காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். இதுவரை பதில் இல்லை.

அந்த நண்பர் சொன்னவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். நிலையத்திலிருந்து ஆட்டோவில்தான் போக வேண்டும் என்றால், போக்குவரத்துக் காவல்துறையின் முன்கட்டணச் சாவடியில் பணம் கட்டிச் சீட்டு வாங்குங்கள். சாவடிக்கு முன்னால் வழிமறிப்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் நேரே சாளரத்துக்குப் போங்கள். சேர வேண்டிய இடத்தில் இறங்கிய பிறகே சீட்டை ஓட்டுநரிடம் கொடுங்கள், ஏனென்றால் அந்தச் சீட்டைக் காட்டித்தான் அவர் தம் பணத்தைப் பெற முடியும். மூட்டை குறைவாக இருந்தால் மெட்ரோவே நல்லது. 2025 ஆகஸ்டில் உயர்த்திய பிறகும், விமான நிலையத் தடம் நீங்கலாக, அதிகபட்சக் கட்டணம் 64 ரூபாய்தான். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அலுவலகம் ஜன்பத் சாலையில் 88ஆம் எண்ணில் இருக்கிறது. ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் இடம் அதுவல்ல. சந்தேகம் வந்தால் 1363 என்ற சுற்றுலா உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

ஊர் திரும்பும் நாளன்று, நிலையத்தின் நடைமேம்பாலத்தில் சாதாரண உடையில் நின்ற ஒருவர் எங்களை நிறுத்தினார். இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு முத்திரை வாங்க வேண்டும், காட்டுங்கள் என்று கையை நீட்டினார். அப்பா டிக்கெட் இருந்த சட்டைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "பரிசோதகர் ரயிலுக்குள் வந்து பார்க்கட்டும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி நிற்காமல் நடந்தார்.