இடித்த வீட்டுத் தேக்கில் கிட்டாரும் பேஸும்: சில வருட உபயோகத்துக்குப் பிறகு

வீட்டிலேயே எலக்ட்ரிக் கிட்டார் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மரத்தைப் பற்றித்தான். காரைக்குடிக்காரன் என்பதால் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருப்பதும் அங்கே பர்மா தேக்கு கிடைப்பதும் ஊரறிந்த விஷயம். அந்த மரத்தில் நான் செய்த கிட்டாரையும் பேஸையும் (கீழ்ச்சுருதிக் கிட்டார்) சில வருடங்களாக வாசித்து வருகிறேன், நண்பர்களும் மேடையில் வாசிக்கிறார்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடிக்கு, அதாவது கிட்டாரின் உடற்பகுதிக்கு, அந்தத் தேக்கு அருமையான மரம். ஆனால் உங்கள் நேரத்திலும் கவனத்திலும் முக்கால் பங்கு நெக்குக்கு, அதாவது விரல் ஓடும் கழுத்துப் பகுதிக்குப் போகட்டும், ஏனென்றால் கையில் எடுத்தவர் கீழே வைக்க மனமில்லாமல் வாசிப்பாரா இல்லையா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

செதுக்கு வேலை உள்ள எதையும் நான் வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது என்று நினைக்கிறேன். நிலைக்கதவும் தூணும் இன்னொரு வீட்டில் அப்படியே நிற்க வேண்டியவை. எனக்கு வேண்டியது முனை உளுத்துப்போன உத்திரம், உடைந்த கைமரம், மச்சுப் பலகை, இந்த மாதிரி யாரும் சீந்தாத துண்டுகள். ஒரு கிட்டார் பாடிக்கு 20 அங்குல நீளம், 14 அங்குல அகலம், ஒன்றே முக்கால் அங்குல கனம் போதும், கால் கன அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ, ஆக எடுக்கும்போது ஐந்து கிலோ இருக்கும் கட்டை, வடிவம் வெட்டிக் குழிகள் எடுத்தபின் ஏறக்குறைய பாதியாகும். தோளுக்குக் கொஞ்சம் கனம்தான், ஆனால் தாங்கக்கூடிய கனம்.

வாங்கி வந்ததும் முதல் வேலை ஆணி தேடுவது. பழைய கட்டையில் இரும்பாணி தலை மழுங்கி மரத்துக்குள் புதைந்து கிடக்கும், மேலே பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும்தான் தெரியும். ஒரு சின்ன மெட்டல் டிடெக்டர் வைத்துத் தடவிப் பார்க்காமல் அறுவை மில்லுக்குக் கொண்டுபோனால் அவர்கள் ரம்பம் போய்விடும், அடுத்த முறை உள்ளேயே விட மாட்டார்கள், அது நியாயமும்கூட. அறுத்த பலகையை உடனே இழைத்து அளவுக்குக் கொண்டு வரவும் கூடாது. நூறு வருடம் காய்ந்த மரம்தானே என்று தோன்றும், ஆனால் நடுவில் பிளக்கும்போது உள்ளே இருந்த இறுக்கம் விடுபட்டு லேசாக முறுக்கும். கொஞ்சம் கூடுதல் கனத்தில் அறுத்து, இடையில் குச்சி வைத்து அடுக்கி, சில வாரம் நிழலில் விட்டுவிட்டு அப்புறம் தொடுங்கள். தேக்குக்குள் மணல் சத்து உண்டு, இழைப்புளியும் உளியும் சீக்கிரம் முனை மழுங்கும், சாணைக்கல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. தூசியும் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாள் போட வேண்டாம்.

பசை விஷயத்தில் நிறையப் பேர் தேக்கைக் குறை சொல்கிறார்கள். அதன் எண்ணெய்தான் காரணம். புதிதாக இழைத்த பரப்பை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் ஒட்டினால் நன்றாகப் பிடிக்கிறது. என் பாடிகளின் நடு ஒட்டு ஒன்றுகூட இதுவரை விரியவில்லை. ஆனால் பாடிக்குப் போடும் வெள்ளைப் பசையை நெக்குக்குப் போடாதீர்கள். அந்தப் பசை தொடர்ந்து இழுவிசை இருந்தால் மெதுவாக நகரும், வெயிலில் இன்னும் சுலபமாக நகரும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மத்தியானம் கிடந்தால் போதும். நெக்குக்கு எப்பாக்ஸிதான் போடுகிறேன்.

இனி நெக். பத்தாம் நம்பர் தந்தி (மெல்லிய தந்தி 0.010 அங்குலம்) போட்ட ஆறு தந்தி கிட்டாரில் எல்லாத் தந்தியும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ இழுக்கிறது, நாலு தந்தி பேஸில் அது 70, 80 கிலோவுக்குப் போகும். இரவும் பகலும் அந்த இழுப்பைத் தாங்கி நிற்க வேண்டிய ஒரு ஒல்லிக் குச்சிதான் நெக். கம்பெனிகள் மேப்பிள் போடுகின்றன, நமக்கு அது இறக்குமதி மரம். நான் தேக்குப் பட்டைகளுக்கு நடுவே ஈட்டி மரப் பட்டை வைத்து, மரத்தின் ரேகை செங்குத்தாக நிற்கும்படி ஒட்டி, உள்ளே இருபக்கமும் திருகக்கூடிய ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) வைக்கிறேன். தலைப்பகுதி சாய்வாக வேண்டுமென்றால் ஒரே கட்டையில் வெட்டாதீர்கள், ரேகை குறுக்கே ஓடி ஒரு தடவை கீழே விழுந்தாலே ஒடியும். சாய்வாக வெட்டித் திருப்பி ஒட்டும் முறைதான் பலம். என் பட்டறைக்கு அவ்வப்போது வரும் ஆசாரி இந்த ஒட்டைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது கைமரத்துக்குப் போடுற சாய்வு ஒட்டுதான், பயப்படாம செய்ங்க” என்றார். அவர் கையால் இழைத்த பரப்பில் வெளிச்சம் பிடித்துப் பார்த்தால் இடைவெளி தெரியாது, நான் ராவுட்டரில் (மரம் குடையும் மின்கருவி) செய்வதைவிடச் சுத்தம்.

ஃபிரெட், அதாவது நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகளின் அளவுகள் கணக்குதான். 25½ அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர், நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்தி உட்காரும் கட்டை) பிரிட்ஜ் (பாடிப்பக்கம் தந்தியைத் தாங்குவது) வரை தந்தியின் நீளமென்றால் அதை 17.817ஆல் வகுக்க வரும் 36.4 மில்லிமீட்டரில் முதல் ஃபிரெட், மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுக்க அடுத்தது, இப்படியே போனால் பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 324இல் வந்து நிற்கும். ஃபென்டர் கம்பெனி 1951இல் கொண்டுவந்த ப்ரெசிஷன் பேஸின் 34 அங்குலம்தான் இன்றைக்கும் பேஸின் வழக்கமான நீளம், அதில் முதல் ஃபிரெட் 48.5 மில்லிமீட்டர். கணக்கிட்ட எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அளந்தால் சின்னச் சின்னப் பிசகு சேர்ந்துகொண்டே போகும். பன்னிரண்டாவதில் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் சுருதி ஐந்து சென்ட் (நூறு சென்ட் ஒரு அரைச்சுரம்) விலகும், அதற்கு மேலே போகப் போக அதே ஒரு மில்லிமீட்டர் இன்னும் அதிகமாக உறுத்தும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு வீணையை நினைக்காமல் ஃபிரெட் அடிக்க முடியாது, வீணை வித்வான்களான காரைக்குடி சகோதரர்களின் பெயரிலேயே இந்த ஊரின் பெயர் இருக்கிறது. வீணையின் 24 மெட்டுகள் மெழுகுப் படுகையில் உட்கார்ந்திருப்பவை, மேளம் கட்டுகிறவர் (மெட்டுகளைப் பொருத்துகிறவர்) காதால் கேட்டு ஒவ்வொன்றையும் நகர்த்தி நிறுத்துவார், வருடங்கள் கழித்து மெழுகு தளர்ந்தால் மறுபடி கட்டலாம். கிட்டாரில் 0.6 மில்லிமீட்டர் வெட்டு விழுந்தபின் நகர்த்த ஒன்றுமில்லை. அதனால்தான் முதல் கிட்டார் செய்கிறவர்களுக்கு, வெட்டுகள் போட்டே வரும் ஃபிரெட்போர்டையோ (ஃபிரெட் பதிக்கும் மேல்பலகை) முழு நெக்கையோ வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். அதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் கிடையாது. ஃபிரெட் தலைகளைச் சமன் செய்வது மட்டும் நீங்களே கற்றுக்கொள்ள வேண்டியது. தலைகளில் மார்க்கர் மை பூசி, நேரான கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் தேய்த்து, எல்லாத் தலையிலும் மை அழியும் வரை, அதற்கு மேல் ஒரு இழுப்புகூட வேண்டாம். அந்த ஒரு வேலை சரியாக வந்தால் மலிவுக் கிட்டாரும் நல்ல கிட்டாராகிவிடும்.

பருவம் மாறும்போது என்ன ஆகிறது என்பதைக் கடையில் வாங்கிய அன்றைக்கு எழுதும் விமர்சனங்களில் பார்க்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நெக் ஈரம் குடித்து வளைவு மாறும், கோடையில் ஃபிரெட்போர்டு சுருங்கி ஃபிரெட் ஓரங்கள் கையில் உரசும். முதல் கோடையில் ஓரங்களை மெல்லிய அரத்தால் ஒரு தடவை தேய்த்துவிட்டேன், அதன்பிறகு அந்தத் தொந்தரவு இல்லை. வளைவை நான் பார்க்கும் விதம்: முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்தால் ஏழாவதுக்கு மேல் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைய வேண்டும். கூடவோ குறையவோ இருந்தால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று, அதற்கு மேல் ஒரே நாளில் திருகக் கூடாது. பழைய வீட்டின் கனத்த சுவருள்ள உள்ளறையில் இருக்கும் கிட்டார்களுக்கு வருடத்தில் ஒரு தடவைதான் இது தேவைப்படுகிறது. தகரக் கூரைக்குக் கீழே இருந்த ஒன்று ஒவ்வொரு பருவத்திலும் கேட்டது.

பேஸுக்குத் தேக்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாடி பெரிது, கனமும் பெரிது. மாசி பங்குனித் திருவிழா மேடையில் நண்பர் மூன்று மணி நேரம் நின்று வாசிக்கிறார், அவருக்காகக் கனத்தை 44இலிருந்து 38 மில்லிமீட்டராகக் குறைத்து, உள்ளே பை போன்ற குழிகள் குடைந்து, மேலே மெல்லிய மச்சுப் பலகையை மூடியாக ஒட்டினேன். அப்படிச் செய்யும்போது இன்னொரு பக்கம் கவனிக்க வேண்டும். பாடி இலேசானால் நாலு பெரிய கீ (தந்தி முறுக்கும் திருகு) இருக்கும் தலை கீழே சாயும். மேல்கொம்பு பன்னிரண்டாவது ஃபிரெட் வரை நீண்டு அங்கே ஸ்ட்ராப் பட்டன் வந்தால் சாயாமல் நிற்கிறது, கூடவே இலேசான கீ வாங்கினால் இன்னும் நல்லது. சத்தத்துக்கு மரம்தான் காரணம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) தேக்கிலும் பலாவிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டேன், பிக்கப்பைத் தந்திக்கு அருகே உயர்த்தியபோது வந்த மாற்றம் மரம் மாறியபோது வந்ததைவிட எவ்வளவோ அதிகம். பலாவைத் தேர்ந்தெடுத்தால் அதன் மஞ்சள் நிறத்துக்காக எடுங்கள், அதுவும் வருடம் போகப் போகப் பழுப்பாகும், அழகாகவே ஆகும்.

பூச்சில் எனக்குப் பிடித்தது அரக்குப் பாலிஷ். தேக்கில் அதன் பளபளப்பை வேறு எதுவும் தருவதில்லை. ஆனால் அது ஆல்கஹாலில் கரையும், கைக்குச் சானிடைசர் போட்டுவிட்டு வாசித்த நண்பரின் விரல்தடம் பாடியில் பதிந்துவிட்டது. மேடைக்குப் போகும் கருவிகளுக்கு இப்போது பாலியூரித்தேன், வீட்டுக் கிட்டாருக்கு மட்டும் அரக்கு. நெக்கின் பின்பக்கம் ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக, வியர்வையிலும் வழுக்கலாக இருக்கிறது. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வைத்துத்தான் எறிய வேண்டும்.

மின்பக்கம் சுருக்கமாக. குழிகளில் செப்பு நாடா ஒட்டி, பிரிட்ஜுக்கு ஒரு எர்த் கம்பி இழுத்தால் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். அடங்கவில்லையென்றால் கிட்டாரைப் பிரிக்குமுன் வீட்டு வயரிங்கைப் பாருங்கள், பழைய வீடுகளில் பிளக் பாயிண்டின் மூன்றாவது ஓட்டை, எர்த், பெயருக்குத்தான் இருக்கும். அது இரைச்சல் மட்டுமல்ல, உயிர் விஷயம், ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) செருகுமுன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

காசு மிச்சமாகும் என்று நினைத்து இறங்க வேண்டாம். மரம்தான் இருக்கிற செலவிலேயே குறைவு. ட்ரஸ் ராட், கீ, பிரிட்ஜ், பிக்கப், ராவுட்டர், கிளாம்ப் என்று சேர்த்தால் கடையில் ஒரு தொடக்கநிலைக் கிட்டார் வாங்குவதைத் தாண்டும். நான் ஆன்லைனில் வாங்கிய ஒரு மலிவுக் கீ செட்டின் முலாம் ஒரே மழைக்காலத்தில் உரிந்தது, அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், பிக்கப்பைப் பின்னாடிகூட மாற்றிக்கொள்ளலாம். ராவுட்டரும் முதலிலேயே வாங்க வேண்டியதில்லை, நெக் உட்காரும் குழியை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு எடுக்கலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. நல்ல இரும்பு ஸ்கேல், ஃபிரெட் வெட்டும் ரம்பம், நேர் சோதிக்கும் மட்டக்கோல், இந்த மூன்றும் முதல் சம்பளத்தில் வந்துவிடட்டும்.