ஸ்வாட் மென்பொருள்: மழைக்காலத்தில் கெட்டி, மாசியில் ஓட்டை

ஊட்டிப் பக்கம் ஒரு சோலைக்காட்டு ஓடைக்காக இரண்டு வருடமாக ஸ்வாட்டோடு மல்லுக்கட்டுகிறேன். அமெரிக்க வேளாண் துறையும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் உருவாக்கிய இலவச மென்பொருள். உயர வரைபடம், மண், காடு, மழை, வெப்பநிலை எல்லாம் கொடுத்தால் ஓடையில் தினமும் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளுக்குள்ளேயே ஓடுவதால் தனிச் செலவு கிடையாது.

முதல் ஓட்டத்திலேயே ஐப்பசி வெள்ளம் அழகாகப் பொருந்தியது. மாடலின் கணக்கு அளந்த ஓட்டத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் நாஷ்-சட்கிளிஃப் மதிப்பெண்ணும் நன்றாக வரவே, எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்களோடு காட்டுக்கு வரும் பெரியவரோ, "இந்த ஓடை மாசியிலயும் வத்தாதுங்க சார்" என்று முன்பே சொல்லியிருந்தார். மாடலில் மாசி கிட்டத்தட்ட வறண்டு கிடந்தது.

தை முதல் வாரம் ஓடையை மண்மூட்டையால் மறித்து, குழாய் செருகி, 20 லிட்டர் வாளியைப் பிடித்தோம். 8 வினாடியில் நிரம்பியது. அப்புறம் ஆறு வாரம் சொட்டு மழையில்லை. மறுபடி பிடித்தபோது 12 வினாடி. அவ்வளவுதான் குறைவு.

தவறு என்னுடையதுதான். நிலத்தடி நீர் வடியும் வேகத்துக்கான ஆல்ஃபா எண்ணை, மென்பொருளில் வந்தபடியே 0.048 என்று விட்டிருந்தேன். அப்படியென்றால் புது ஊற்று சேராதபோது ஓட்டம் நாளுக்கு 5 சதவீதம் போல வடிந்து, இரண்டே வாரத்தில் பாதியாகிவிடும். அந்தக் கணக்கில் அதே வாளி நிரம்ப ஒரு நிமிடம் ஆகும்! எங்கள் வாளி அளவீட்டின்படி வரும் எண் சுமார் 0.01. இன்னொரு அமைப்பையும் பாருங்கள்: நிலத்தடியின் மேல்படுகையில் நீர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், மாடலில் ஓடைக்கு வருவது அடியோடு நின்றுவிடும். சோலை மண் ஸ்பாஞ்சு மாதிரி. குழாயை மூடியதுபோல நிற்காது.

மதிப்பெண் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அது ஒவ்வொரு நாள் பிழையையும் அதே எண்ணால் பெருக்கி (வர்க்கமாக்கி) கூட்டுகிறது. பெரிய வெள்ளத்தின் எண்களே அதை ஆள்கின்றன. சின்ன ஓட்டமும் கணக்கில் தெரியும்படி எண்களுக்கு மடக்கை (லாகரிதம்) எடுத்துப் பார்த்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். நிலத்தடி நீருக்கென்றே உள்ள மோட்ஃப்ளோ மென்பொருளை இதோடு இணைத்து ஓட்டலாம். அதைச் சரிபார்க்கக் கிணற்று நீர்மட்டம் வேண்டும். சோலைக்குள் கிணறுக்கு எங்கே போக?